பதினோராம் தகடு

டோலிடோவில், ஹங்கேரியர் தெருவில்,
ஒரு சவ அடக்க நிலையம்.
இரவு பத்துக்கு மேல்தான் எனக்கு அனுமதி.
லில்லிப் பூக்களைக் குளிர்ப்பெட்டிக்கு மாற்றிவிட்டு
பெர்த்தலன் சாவியைத் தருவார்.
"காலை எட்டரைக்குத் திருமதி கோச்சிஷ் வருகிறார்.
அதற்குள் வயர்களைச் சுருட்டிவிடு."
வருகிறார் என்று அவர் சொல்லும் எவரும்
நடந்து வருவதில்லை என்பது
மூன்றாம் இரவில்தான் எனக்கு உறைத்தது.

ஆர்கனின் பின்பலகையைக் கழற்றினால்
கைக்குள் அடங்கும் ஓர் உருளை.
உள்ளே பதினாறு தகட்டு வரிசை வட்டமாக,
நடுவில் சுழலும் ஒற்றைக் கை.
தொடுவதில்லை.
ஒவ்வொன்றின் அருகிலும் போய்
அது சொல்வதைத் தொடாமலே வாங்கிக்கொண்டு
அடுத்ததற்கு நகர்கிறது,
நொடிக்கு ஏழு சுற்று, கொஞ்சம் குறைய.

தகடுகளுக்குப் பின்னே சுருள்களும் மின்தேக்கிகளும்.
படிக்குப் படி தாமதித்து
ஒலி கடைசிப் படி சேர
ஆயிரத்தில் ஒரு நொடி.
கண்ணிமைப்பது ஒரு மாத்திரை என்றால்
இது அதில் ஒரு முந்திரி,
முந்நூற்று இருபதில் ஒன்று.
கை சுற்றுவது வட்டம்.
காதுக்கு அது தறிநாடா:
போகையில் சுருதி நூலளவு இறங்கி
திரும்புகையில் நூலளவு ஏறும்.
அவ்வளவுதான் அந்த நடுக்கம்.

அவ்வளவுதானே என்று
இரண்டு நாளில் நிரலாக எழுதிவிட்டேன்.
ஒன்பது தாமதங்கள், ஒரு முக்கோண அலை.
ஹெட்போனில் கேட்டால்
பல் மருத்துவரின் வரவேற்பறை.

பிறகு நாற்பத்தோரு ஒலிப்பதிவுகள்.
ஒரே சுரத்தை அழுத்திப் பிடிக்க
விசையின் மேல் ஒரு துதிப்பாடல் புத்தகத்தை வைத்தேன்.
திரையில் அலையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தபோது
சுற்றுக்கு ஒருமுறை, பதினோராம் தகட்டில்,
கை லேசாகத் தடுக்குகிறது.
அரை டெசிபல் பள்ளம்.
கூடவே ஒரு தயக்கம்,
பெயர் மறந்தவர் பெயருக்கு முன்னால் நிற்பது போல.

அந்தப் பள்ளத்தைப் பதினேழு வரிகளில் எழுத
பிப்ரவரி முழுக்கப் போனது.
எழுதி முடித்ததும் பல் மருத்துவர் எழுந்து போய்விட்டார்.

"நீங்கள் இந்த நடுக்கத்தை வாசிப்பதே இல்லையே?"
ஒருநாள் பெர்த்தலனிடம் கேட்டேன்.
கையுறையைக் கழற்றியபடி சொன்னார்:
"பாட வருகிறவர்கள் குரலிலேயே
தேவைக்கு மேல் இருக்கிறது.
நடுங்காத ஒன்றாவது அறையில் வேண்டாமா?"

ஏப்ரலில், கடைசி ஒப்பீட்டுக்காகப் போனேன்.
இடது காதில் அசல், வலது காதில் என்னுடையது.
பதினோராம் தகட்டில்
என்னுடையது தடுக்கியது.
அசல் தடுக்கவில்லை.
வயரை மாற்றினேன். காதை மாற்றினேன்.
புத்தகத்தை எடுத்து விரலால் அழுத்தினேன்.
வழுக்கிக்கொண்டு போகிறது,
ஐஸ் மேல் விட்ட தட்டு மாதிரி.

"ஈஸ்டருக்கு முன் எண்ணெய் ஊற்றினேனே,"
என்றார் பெர்த்தலன்.
"வருடத்துக்கு ஒரு தரம்தான்.
நூல் வழியாக ஊறி இறங்க ஒரு வாரம் பிடிக்கும்."

அசல் குணமாகிவிட்டது.
நகல் மட்டும் நொண்டிக்கொண்டிருக்கிறது,
பிப்ரவரியின் வறண்ட தாங்கியோடு,
எந்த எண்ணெயும் எட்டாத இடத்தில்.
பதினேழு வரிகளையும் தேர்ந்தெடுத்து
அழிக்கும் விசைமேல் விரலை வைத்தேன்.
எதற்கும் இருக்கட்டும் என்று
ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன்.
எது எதென்று சொல்லவில்லை.

கண்ணை மூடிக் கேட்டார்.
இறந்தவர்களின் உறவினர் பேசும்போது
தலையைச் சாய்ப்பாரே, அதே சாய்வு.
பிறகு எழுந்து போய்
அலமாரியிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்து
ஆர்கனுக்கும் மடிக்கணினிக்கும் நடுவில் நின்றார்.
"எதற்கு?" என்றார்.

விரலை எடுத்துவிட்டேன்.
எட்டு இருபது.
வயர்களைச் சுருட்டத் தொடங்கினேன்.
வெளியே, நீள வண்டி ஒன்று
பின்பக்கமாக வாசலுக்கு வரும் சத்தம்.